வாண்டுகளுக்கு நூலகத்தில் கதை நேரம்: பாட்டும் கைவேலையும் சேர்ந்த முழுமையான வழிகாட்டி

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தை கதை கேட்க உட்காராது. நடக்கும், படுக்கும், அலமாரியை இழுக்கும், பக்கத்துக் குழந்தையின் முடியைப் பிடிக்கும். கவனிக்கவே இல்லை என்று நாம் நினைப்போம். இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது அதே கதையின் வரியைத் தானாகச் சொல்லும்.

இந்த வயதுக்குத் திட்டமிடுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியைப் பாதியாக வெட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரிய பிள்ளைக்குப் புதுக்கதை வேண்டும். வாண்டுக்கோ தெரிந்த கதை வேண்டும், தெரிந்த பாட்டு வேண்டும், அடுத்து என்ன வரும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். அதனால் வாராவாரம் புதிதாகத் தயாரிக்காதீர்கள். ஒரே நிகழ்ச்சியை ஆறு வாரம் நடத்தி, அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். உங்கள் வேலையும் குறையும்.

யார், எத்தனை பேர், எந்த நேரம்

ஒவ்வொரு குழந்தையோடும் ஒரு பெரியவர் கூடவே உட்கார வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் ஏற்பாடு இந்த வயதுக்குச் சரிவராது. 12 ஜோடி நல்ல அளவு. 15-ஐத் தாண்டினால் பெயர் சொல்லி வரவேற்கும் பாட்டே இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்கும். கடைசிக் குழந்தையின் பெயர் வருவதற்குள் முதல் குழந்தை வாசலில் நிற்கும். கூட்டம் அதிகமென்றால் அதே நிகழ்ச்சியை ஒரே காலையில் இரண்டு தடவை நடத்துவது மேல்.

நேரத்தைத் தீர்மானிப்பது பசியும் தூக்கமும்தான். காலைச் சாப்பாடு முடிந்து, பகல் தூக்கம் வருவதற்கு முன், பத்து மணியை ஒட்டிய நேரம் பெரும்பாலும் பொருந்தும். வாரத்தில் ஒரே நாள், ஒரே மணி. அடிக்கடி மாற்றினால், திரும்பத் திரும்பச் செய்வதால் கிடைக்கும் பலன் பாதி போய்விடும்.

அறையை ஒழுங்கு செய்வது

வாசிப்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகமும் படமும் கறுப்பாகத் தெரியும். காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு உதடு தெரிவது முக்கியம். மற்றக் குழந்தைகளும் வாயசைவைப் பார்த்துத்தான் புதுச்சொல்லைப் பிடிக்கிறார்கள். கதவு குழந்தைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தாமதமாக வருபவரைப் பார்த்து எல்லாத் தலையும் திரும்பாது. கதவைச் சாத்தி, அதன் அருகே ஒருவரை நிறுத்துங்கள்.

நாற்காலி வேண்டாம். 30 செ.மீ. உயரமுள்ள முக்காலியில் உட்கார்ந்தால் புத்தகம் குழந்தையின் கண் மட்டத்துக்கு வரும். முக்காலியிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி, தரையில் மாஸ்கிங் டேப்பால் அரைவட்டம் போடுங்கள். ஜோடிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே. கோடு இல்லாவிட்டால் ஒரு குழந்தை முன்னால் நகரும், அடுத்தது அதை மறைத்து நிற்கும், மூன்றாம் நிமிடத்தில் புத்தகத்துக்கு முன்னால் ஒரு சுவரே எழும்பிவிடும். சிவப்பு, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் விளையாட்டுச் சாமான் இருக்கும் தட்டுகளைத் துணி போட்டு மூடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பொம்மையை விட்டுவிட்டுக் கதை கேள் என்று சொல்வது நியாயமே இல்லை.

ஒரு மூலையில் பாய், இரண்டு தலையணை, மங்கிய வெளிச்சம். சத்தம் தாங்காத குழந்தை அங்கே போய்விட்டு வரட்டும். நிகழ்ச்சியின் வரிசையைப் படங்களாக வரைந்து (கை தட்டுவது, புத்தகம், மழை, பை, கையசைப்பது) சுவரில் மாட்டினால், அடுத்து என்ன என்று தெரியாமல் பதறும் குழந்தைகளுக்கு அது பெரிய உதவி.

புத்தகம்: இரண்டே இரண்டு

மூன்று எடுத்து வையுங்கள், இரண்டை வாசியுங்கள். மூன்றாவது கைக்காவலுக்கு. பக்கத்துக்கு ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரே பெரிய உருவம், பின்னணி வெறுமையாக. புத்தகத்தை அலமாரி மேல் விரித்து வைத்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். படத்தில் இருப்பது நாயா பூனையா என்று சட்டென்று தெரியவில்லை என்றால் அது மடியில் வைத்து வாசிக்க வேண்டிய புத்தகம், கூட்டத்துக்கு ஆகாது. நூலகத்தில் ஒரே கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு 12 பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது: ஜோடிக்கு ஒன்றாகக் கொடுத்து எல்லாரும் சேர்ந்து பக்கம் புரட்டலாம்.

நீளமானது முதலில், குட்டியானது அடுத்து. பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, இரண்டாவது புத்தகத்தில் கூட்டம் கலைவதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள்.

வாசிக்கும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எழுத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பது இந்த வயதில் பாதி வேலைதான். குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், 21 முதல் 35 மாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு விஷயத்தைப் பழக்கினார்கள்: வாசிப்பதோடு நிற்காமல் கேள்வி கேட்பது, குழந்தை சொன்னதை நீட்டிச் சொல்வது. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. செய்முறை எளிது. படத்தைக் காட்டி "இது யாரு?" என்று கேளுங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் பெரியவர்களுக்குத்தான் சங்கடம், குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் ஆகும். "தவள" என்று ஒரு குரல் வந்தால், "ஆமா, பச்சைத் தவளை! குதிக்கிற தவளை!" என்று இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். தப்பாகச் சொன்னாலும் "இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். மீனைப் பார்த்துத் "தண்ணி" என்றால், "ஆமா, தண்ணிக்குள்ள மீன்" என்றால் போதும்.

தமிழில் வாசிப்பவர்களிடம் கையிருப்பாக ஒரு செல்வம் இருக்கிறது: இரட்டைக்கிளவி. சலசல, கடகட, படபட, கிடுகிடு. எழுத்தாளர் "வேகமாக ஓடியது" என்று எழுதியிருந்தால், வாசிக்கும்போது "குடுகுடுவென்று ஓடியது" என்று மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள். பொருள் புரிவதற்கு முன்பே ஓசை நாக்கில் ஒட்டிக்கொள்ளும், அதோடு ஒரு கையசைவும் சேரும்.

பாட்டு

இழுத்துப் பாடும்போது சொல் அசை அசையாகப் பிரிந்து காதில் விழுகிறது. சாதாரணப் பேச்சில் குழந்தைக்கு அந்த வசதி கிடையாது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இரண்டு பிரிவுகள் பெற்றோருக்காக உருவாக்கிய ஆரம்ப எழுத்தறிவுத் திட்டம், 2011-ல் வந்த இரண்டாம் பதிப்பில், பேசுவது, பாடுவது, வாசிப்பது, எழுதுவது, விளையாடுவது என்று ஐந்தை வீட்டில் செய்யச் சொன்னது. அதில் பாட்டுக்குத் தனி இடமே உண்டு.

பெரியவர்கள் தங்களுக்கு வசதியான கீழ்ச்சுருதியில் தொடங்கிவிடுவார்கள். வாண்டுகளின் குரல் அங்கே இறங்காது. பெண் குரலில் பாடினால், ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் 2 கட்டையை ஸ என்று வைத்து, ஸ முதல் ப வரையுள்ள ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கும் மெட்டாகப் பாருங்கள். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் பாதகமில்லை. உங்களுக்குச் சரி என்று தோன்றும் வேகத்தைவிட மெதுவாகப் பாடுங்கள். கையசைத்துக்கொண்டே சொல்லையும் சொல்ல அவர்களுக்கு அவகாசம் வேண்டும். குரல் நன்றாக இல்லை என்று திரையில் காணொளி ஓட விடுவது வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வயதில் திரையே வேண்டாம் என்கிறது, இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தவிர, திரையைப் போட்டால் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

ஐந்து பாட்டு போதும்: வரவேற்பு, விரல் பாட்டு, எழுந்து ஆடும் பாட்டு, சாமான் எடுத்து வைக்கும் பாட்டு, விடைபெறும் பாட்டு. வரவேற்புக்கு இப்படி ஒன்று:

வந்தாச்சு வந்தாச்சு, ______ குட்டி வந்தாச்சு!
கையைத் தட்டிக் கையைத் தட்டி எங்ககூடச் சேர்ந்தாச்சு!

ஒரு குழந்தைக்கு ஏழெட்டு விநாடி. தன் பெயர் வரும்போது ஒளிந்துகொள்ளும் குழந்தையைச் சீண்டாமல் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.

விரல் பாட்டு, மழையைக் கருவாக வைத்து:

டப்பு டிப்பு, டப்பு டிப்பு, கூரை மேலே யாரு?
மழைத்துளியார் வந்திருக்கார், கதவைத் திறந்து பாரு!

முதல் வரிக்கு விரல்நுனியால் தரையில் தட்டல், இரண்டாவது வரிக்கு முகத்தை மூடிய கைகளைத் திறத்தல். முதல் சுற்று தூறல், மெதுவாக. இரண்டாவது சுற்று கொட்டும் மழை, உள்ளங்கையால் வேகமாக. பிறகு "மழை நின்னாச்சு!" என்று சொல்லி எல்லாக் கையும் காற்றில் நிற்க வேண்டும். இந்தத் திடீர் நிறுத்தத்துக்குத்தான் சிரிப்பு வெடிக்கும். உடம்பை அடக்கி நிறுத்தும் பயிற்சியும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டையும் குறைந்தது இரண்டு முறை பாடுங்கள். முதல் தடவை பார்ப்பார்கள், இரண்டாவது தடவைதான் கை வரும்.

ஆடும் பாட்டுக்கு 60 செ.மீ. சதுரமான மெல்லிய துணி ஆளுக்கு ஒன்று. எல்லாம் ஒரே நிறம். பல நிறம் வைத்தால் ஐந்து குழந்தைக்கு மஞ்சள்தான் வேண்டும். கிலுகிலுப்பைக்கும் இதே விதி. சாமான் திரும்ப வாங்குவதுதான் நிகழ்ச்சியின் மிகக் கடினமான நிமிடம். கையிலிருந்து பிடுங்காதீர்கள். பெரிய பையைத் திறந்து வைத்து, "பைக்குப் பசிக்குது" என்று பாடிக்கொண்டே அரைவட்டத்தைச் சுற்றுங்கள். தராத குழந்தையிடம் இருந்துவிட்டுப் போகட்டும்.

நாற்பது நிமிடம், நிமிடக் கணக்கில்

0–5: வந்து சேரும் நேரம். தரையில் கெட்டி அட்டைப் புத்தகங்கள் மட்டும், பொம்மை கூடாது. பொம்மையை எடுத்து வைப்பதற்குள் அழுகை வந்துவிடும்.
5–7: வரவேற்புப் பாட்டு.
7–9: விரல் பாட்டு.
9–13: முதல் புத்தகம்.
13–16: எழுந்து ஆடும் பாட்டு.
16–19: இரண்டாவது புத்தகம்.
19–23: துணி அல்லது கிலுகிலுப்பை, பிறகு பை.
23–25: விடைபெறும் பாட்டு.
25–40: கைவேலை.

விடைபெறும் பாட்டு கைவேலைக்கு முன்னால் வருவது கைப்பிழை அல்ல. கைவேலையை ஒரு குழந்தை இரண்டு நிமிடத்தில் முடிக்கும், இன்னொன்று இருபது நிமிடம் உட்காரும். முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பட்டும். கடைசியில் எல்லாரையும் மறுபடி வட்டத்துக்குக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

ஆரம்பத்தில் பெரியவர்களிடம் சொல்ல வேண்டியதை முப்பது விநாடியில் சொல்லுங்கள்: "குழந்தை எழுந்து நடந்தா விட்டுடுங்க, காது இங்கேதான் இருக்கும். அழுதா வெளியே கூட்டிட்டுப் போய்ட்டுத் திரும்பி வாங்க. நீங்களும் சத்தமாப் பாடணும், ஃபோனைப் பைக்குள்ளே வச்சுடுங்க." வீட்டில் வேறு மொழி பேசுபவர்கள் அந்த மொழியிலேயே பாடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாட்டை வீட்டுக்கு எடுத்துப் போவது அவர்கள்தான். உங்களைக் குழந்தை வாரத்தில் 40 நிமிடம்தானே பார்க்கிறது.

கைவேலை: ஜன்னல் குடை

கத்தரிக்கோல் இந்த வயதுக்கு வராது. மூன்று வயதையொட்டித்தான் விளிம்பில் லேசாக வெட்ட ஆரம்பிப்பார்கள். கிழிப்பதும் ஒட்டுவதும் வரும். பசை இல்லாமல் ஒட்ட ஒரு வழி நூலகத்திலேயே இருக்கிறது: புத்தக அட்டைக்கு மேல் போடும், ஒரு பக்கம் ஒட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்.

12 குழந்தைக்கு 15 செட் தயாரியுங்கள். வேண்டியவை: 250 ஜிஎஸ்எம் கெட்டி அட்டை, ஏ4 அளவில் 15. ஒட்டும் தாள் 22×14 செ.மீ. துண்டு 30, 45 செ.மீ. அகலச் சுருள் என்றால் குறுக்கே இரண்டு வரும், 2.25 மீட்டர் போதும். பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாள் ஏ4 அளவில் நான்கு நிறத்தில் மும்மூன்று, மொத்தம் 12. ஒவ்வொன்றையும் 5 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டினால் ஐந்து கிடைக்கும், ஆக 60 பட்டை, ஆளுக்கு நாலு. குடைக் காம்புக்கு 1.5×10 செ.மீ. அட்டைத் துண்டு 15. மாஸ்கிங் டேப், ஈரத்துணி, மேசைக்கு ஒரு குப்பைக் கூடை.

முந்தின நாள் செய்ய வேண்டியது: அட்டையின் நடுவில் 18 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரத்தில் அரைவட்ட ஜன்னல் வெட்டுங்கள். ஒட்டும் தாளை உரித்து, ஒட்டும் பக்கம் மேலே பார்க்க மேசையில் வைத்து, அதன் மேல் அட்டையை அழுத்துங்கள். உரித்த காகிதத்தைத் தூக்கிப் போடாமல் ஜன்னல் மேல் மறுபடி ஒட்டி வையுங்கள், தூசி சேராது. வண்ணத்தாளை ஈர விரலால் தேய்த்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் வேறு தாள். வாயில் வைத்த விரல் எல்லா இடத்திலும் படும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் வேலையே இதில்தான் நிற்கிறது. காகிதம் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகப் போகும். ஒரு தாளை இரண்டு பக்கமும் கிழித்துப் பார்த்து, பட்டையின் குறுக்கே நேராகக் கிழியும்படி வெட்டுங்கள். பட்டையின் விளிம்பில் 5 செ.மீ.க்கு ஒன்றாக ஒரு செ.மீ. வெட்டுப் போட்டு வையுங்கள். அந்த வெட்டு இல்லையென்றால் ஒன்றரை வயதுக் குழந்தை இரு கையாலும் இழுக்கும், தாள் நீளுமே தவிரக் கிழியாது, அரை நிமிடத்தில் அம்மாவிடம் நீட்டிவிடும்.

நடக்கும் நாளில்: அட்டையின் நான்கு மூலையையும் மேசையோடு டேப்பால் ஒட்டுங்கள், பின்பக்கம் பெயரை முதலிலேயே எழுதிவிடுங்கள். மேசை 45 செ.மீ. உயரம், நாற்காலி இல்லை. நின்றுகொண்டு செய்தால் தோளின் பலம் கைக்கு வரும். மேல் காகிதத்தை உரித்ததும் குழந்தை ஜன்னலில் உள்ளங்கையை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, அந்த ஒட்டலை ரசிக்கும். அவசரப்படுத்தாதீர்கள். வியர்வைக் கையால் ஒட்டும் தன்மை குறைந்தால் உபரி செட்டிலிருந்து ஒரு துண்டு மேலே போட்டுக்கொள்ளலாம். பிசுபிசுப்பே பிடிக்காமல் கையை இழுத்துக்கொள்ளும் குழந்தையும் உண்டு. அது கிழித்துக் கொடுக்கட்டும், பெரியவர் ஒட்டட்டும்.

முடிந்ததும் இரண்டாவது துண்டைப் பெரியவர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து மூடி, கீழே காம்பை ஒட்டினால் ஜன்னலில் தொங்கவிடத் தயார்.

முடித்த மாதிரி ஒன்றை மேசையில் வைக்காதீர்கள். வைத்தால் பெரியவர்கள் அதைப் பார்த்து நிறம் நிறமாக அடுக்கத் தொடங்குவார்கள், குழந்தை பக்கத்தில் வேடிக்கை பார்க்கும். அவர்கள் கை சும்மா இருக்காது என்றால் காம்பு ஒட்டும் வேலையைக் கொடுங்கள். குழந்தை ஒரே மூலையில் பதினாறு துண்டையும் அப்பினால் அதுதான் அன்றைய குடை.

வாயில் போவதும் கையில் படுவதும்

மூன்று வயதுக்குக் கீழானவர்களின் பொம்மைகளுக்கான சிறுபாகச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளையைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூச்சுக்குழாயை அடைக்கலாம் என்பது கணக்கு. கழிவறைக் காகிதச் சுருளின் நடு அட்டைக் குழாய் அதைவிடச் சற்று அகலம்; அதற்குள் விழும் பொருளை ஒதுக்கிவிட்டால் கூடுதல் பாதுகாப்பு. ஆடும் கண், பொத்தான், மணி, பாசி எல்லாம் இதில் போய்விடும். பலூன் அறைக்குள்ளேயே வேண்டாம், வெடித்த துண்டு மிக ஆபத்தானது. ஜிகினாத்தூள் கண்ணில் போகும். பொத்தான் பாட்டரி, சிறு காந்தம் உள்ள எதையும் கொண்டுவராதீர்கள். கசங்கிய காகிதமும் அந்த உருளைக்குள் போகும் என்பதால்தான் பெரியவர் மேசையை விட்டு நகரக் கூடாது.

கிலுகிலுப்பைகளுக்கு இரண்டாவது பெட்டி ஒன்று வையுங்கள், "வாயில் வைத்தவை" என்று. நிகழ்ச்சி முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வைத்த பிறகே மறுபடி பையில். குழந்தைகளைப் படம் எடுப்பதானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், படத்தோடு பெயர் போடாதீர்கள்.

நடுவில் கலைந்தால்

முதல் புத்தகத்தின் பாதியிலேயே மூன்று நான்கு பேர் எழுந்தால் குரலை உயர்த்தாமல் தாழ்த்துங்கள். அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு பக்கம் தாண்டி முடிவுக்குப் போய்விட்டு ஆடும் பாட்டைத் தொடங்குங்கள். விட்ட பக்கத்தை யாரும் கேட்கமாட்டார்கள். கைப்பொம்மை பார்த்து ஒரு குழந்தை அலறினால், அதை மடியில் தூங்க வைத்துப் போர்த்திவிடுங்கள். அடுத்த வாரமும் தூங்கட்டும். மூன்றாம் வாரம் அந்தக் குழந்தையே வந்து துணியை விலக்கும், பெரும்பாலும்.

முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் மூன்று வரி எழுதி வையுங்கள்: எந்தப் புத்தகம் எந்தப் பக்கத்தில் தொய்ந்தது, எந்தப் பாட்டைக் கேட்டு வாங்கினார்கள், என்ன சாமான் பற்றவில்லை. அடுத்த வாரம் வரவேற்பு, விடைபெறல், பைப் பாட்டு, முதல் புத்தகம் நான்கும் அப்படியே. இரண்டாவது புத்தகமும் கைவேலையும் மட்டும் மாறும். கடைசியாக, ஆறாவது வாரம் புதிதாக எதுவும் சேர்க்காதீர்கள். ஐந்து பாட்டின் வரிகளையும் கையசைவையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பெரியவர்கள் கையில் கொடுங்கள், குளியலறைக் கதவில் ஒட்டச் சொல்லி.